கொத்தனார் கூலிக்கு ஒரு கெடு

தைத்த சட்டைக்குக் கூலி வராவிட்டால் தையல்காரர் சட்டையைப் பிடித்து வைத்துக்கொள்ளலாம். கட்டிய வீட்டைக் கொத்தனார் எங்கே கொண்டுபோய் வைப்பார்?

ரோமாபுரி இதற்குப் பாதி வழி கண்டது. மார்க்கஸ் அரேலியஸ் ஆட்சியில், இடிந்த கட்டடத்தை எழுப்பக் கடன் கொடுத்தவருக்கு அந்தக் கட்டடமே ஈடானது. 1804-ல் நெப்போலியனின் சட்டத்தொகுப்பு கொத்தனாரையும் சேர்த்துக்கொண்டது. ஆனால் வேலைக்கு முன்னும், முடிந்த ஆறு மாதத்துக்குள்ளும் நீதிமன்றம் அனுப்பும் நிபுணர் வந்து பார்க்க வேண்டும். இங்கிலாந்தோ கையை விரித்தது: பாக்கிக்காகப் பிடித்துவைக்கும் பற்றுரிமை கையில் இருக்கும் பொருளுக்குத்தான், கட்டடத்துக்குக் கிடையாது.

அந்த இங்கிலாந்திடமிருந்து பிரிந்துபோன அமெரிக்காவுக்கு 1791-ல் ஒரு புதிய தலைநகர் தேவைப்பட்டது. அந்தத் தலைநகரான வாஷிங்டனுக்கு மேஸ்திரிகளை வரவழைக்கத் தலைவர்கள் ஜெபர்சனும் மேடிசனும் யோசனை சொல்ல, அந்த இடம் இருந்த மேரிலாந்தின் சட்டமன்றம் வீட்டின் மீதும் மனையின் மீதும் பற்றுரிமை கொடுத்தது. ஆனால் வீடு கைமாறினால், பழைய பாக்கி, வீட்டை வாங்கியவர் தலையில் விடியுமே! அதனால் ஒப்பந்தம் எழுத்தில் இருக்க வேண்டும், ஆறு மாதத்துக்குள் பதிவாக வேண்டும் என்றார்கள். உரிமையோடு கெடுவும் ஒட்டிக்கொண்டது.

1803-ல் பென்சில்வேனியா தன் பங்குக்கு ஒரு சட்டம் போட, மற்ற மாநிலங்களும் ஒவ்வொன்றாகப் பின்தொடர்ந்தன. 1879-ல் கலிபோர்னியா இந்த உரிமையை அரசியலமைப்பிலேயே எழுதி வைத்தது. மரம், மணல், சிமெண்ட் கொடுத்தவர்களும் உள்ளே வந்தார்கள். யார் யார் சரக்கு இறக்கினார்கள் என்று வீட்டுக்காரருக்கு எப்படித் தெரியும்? அதற்குத்தான் முன்னறிவிப்பு நோட்டீஸ். இன்று கலிபோர்னியாவில் ஜூன் 1 அன்று முதல் லோடு இறக்கும் வியாபாரி 20 நாளுக்குள் நோட்டீஸ் அனுப்ப வேண்டும். தாமதித்தால், நோட்டீஸுக்கு 20 நாள் முன்பிருந்து கொடுத்த சரக்குக்குத்தான் பாதுகாப்பு. வேலை முடிந்து 90 நாளுக்குள் பற்றுரிமையைப் பதிய வேண்டும். வேலை முடிந்ததாக உரிமையாளர் முறைப்படி பதிந்துவிட்டால் சப் காண்டிராக்டருக்கும் சரக்கு கொடுத்தவருக்கும் 30 நாள்தான். பதிந்த 90 நாளுக்குள் வழக்கும் போட வேண்டும். பதிவிலோ வழக்கிலோ கெடு தவறினால் வீட்டின் மீதுள்ள பிடி போய்விடும்.

இந்தப் பற்றுரிமைச் சட்டம் 1873-ல் கனடாவின் ஒன்டாரியோவுக்கும், 1892-ல் நியூசிலாந்துக்கும் போய்ச் சேர்ந்தது. நியூசிலாந்து 1987-ல் அதைக் கைகழுவியது.

கடைசித் திருப்பம், பற்றுரிமையைத் தொடவே மறுத்த இங்கிலாந்திலிருந்து வந்தது. 1996-ல் அது கட்டுமானப் பாக்கித் தகராறை 28 நாளில் தீர்த்துவைக்கும் நடுவர் முறையைச் சட்டமாக்கியது. 2019-ல் ஒன்டாரியோவும் பழைய பற்றுரிமையை விடாமலே அப்படியொரு முறையைச் சேர்த்துக்கொண்டது. கூடவே புது விதி: முறையான பில் வந்த 28 நாளுக்குள் உரிமையாளர் பணம் கொடுக்க வேண்டும், பணம் வந்த ஏழு நாளுக்குள் காண்டிராக்டர் சப் காண்டிராக்டருக்குக் கொடுக்க வேண்டும். இருநூறு ஆண்டுகளாகக் கூலி கேட்பவரை மட்டுமே விரட்டிய கெடு, கொடுக்க வேண்டியவரையும் விரட்டத் தொடங்கிவிட்டது.