பெட்டியின் வரலாறும் நீர்க்கிண்ணத்தின் வரலாறும்

இந்தியத் தேனீ வளர்ப்பின் வரலாறு பெரும்பாலும் பெட்டிகளின் வரலாறாகவே எழுதப்பட்டு வந்திருக்கிறது. 1851இல் அமெரிக்காவில் லாங்ஸ்ட்ராத் தேனீக்களின் நடமாட்ட இடைவெளியை அளந்து, கழற்றி மாட்டத்தக்க சட்டங்களைக் கொண்ட பெட்டியை உருவாக்கினார். 1880களில் வங்காளத்திலும் பஞ்சாபிலும் அம்முறை முயன்று பார்க்கப்பட்டது. 1910களில் திருச்சிராப்பள்ளிப் பகுதியில் பாதிரியார் நியூட்டன், நாட்டுத் தேனீயின் சிற்றுடலுக்கேற்ற சிறிய பெட்டியை வடிவமைத்து ஊர்ப்புறத்தாருக்குப் பயிற்சியளித்தார். திருவிதாங்கூரில் 1917இலும் மைசூரில் 1925இலும் இத்தொழில் தொடங்கியது. 1928இல் வேளாண்மைக்கான அரச ஆணையம் அதனைப் பரிந்துரைத்தது. அதன்பின் சென்னை மாகாணத்தில் 1931, பஞ்சாபில் 1933, குடகில் 1934, ஐக்கிய மாகாணத்தில் 1938 எனத் தேனீப் பெட்டி பரவியது. இவ்வரிசை பிழையற்றது. ஆயினும் அது எழுப்பாத வினா ஒன்றுண்டு: தேனீக்கள் அப்பெட்டியில் ஏன் தங்க வேண்டும்?

இவ்வினா நாட்டுத் தேனீயைப் பொறுத்தவரை வெறும் சொல்லலங்காரம் ஆகாது. ஏபிஸ் செரானா என அறிவியலார் குறிக்கும் இவ்வினம், பல அடைகளை அடுக்காகக் கட்டி மரப்பொந்திலும் பாறையிடுக்கிலும் வாழ்வது. உணவோ நீரோ குன்றினாலும், எறும்போ மெழுகு அந்துப்பூச்சியோ புகுந்தாலும், வெயில் தாங்கவொண்ணாததானாலும் குடும்பம் முழுவதும் அடைகளைக் கைவிட்டுப் புறப்பட்டுவிடும். ஐரோப்பியத் தேனீயிடம் இவ்வியல்பு மிகக் குறைவு. ஆகவே ஐரோப்பியக் கையேடுகள் பெரிதும் அஞ்சியது குடும்பம் இரண்டாகப் பிரிவதை. இந்திய வளர்ப்பாளர் அதனோடு சேர்த்து அஞ்ச வேண்டியிருந்தது குடும்பமே இல்லாமற் போவதை. தமிழ்க் கலைச்சொற்கள் இவ்வேறுபாட்டைத் தெளிவாகப் பதிவு செய்துள்ளன. முன்னது ‘குடி பிரிதல்’. பின்னது ‘கூட்டம் ஓடுதல்’. முதற்சொல்லில் வீட்டுப் பாகப்பிரிவினையின் சாயல் இருக்கிறது. இரண்டாவதில் பஞ்சத்தில் ஊரைவிட்டுச் செல்லும் மக்களின் சாயல் இருக்கிறது.

தொழிலின் பெயரும் இங்குக் கருதத்தக்கது. தமிழில் ‘தேன் அழித்தல்’ என்பது காட்டுத் தேனடையை அறுத்தெடுக்கும் செயலைக் குறிக்கும் பழைய வழக்கு. தமிழ்த் ‘தேன்’, தெலுங்குத் ‘தேனெ’, கன்னட ‘ஜேனு’ ஆகியவை ஓரினச் சொற்கள்; நீலகிரி, மைசூர்க் காடுகளின் ஜேனு குறுபர் தேனெடுப்பதனாலேயே அப்பெயர் பெற்றனர். மத்திய இந்தியப் பாறை ஓவியங்களிலும் தேனெடுக்கும் காட்சிகள் உள்ளன. எனவே தேனோடு மனிதர் கொண்ட உறவு மிகத் தொன்மையானது. அவ்வுறவு எடுப்பதிலிருந்து பேணுவதற்கு மாறியதையே ‘வளர்ப்பு’ என்னும் சொல்லும், இந்தியில் வழங்கும் ‘பாலன்’ என்னும் சொல்லும் சுட்டுகின்றன. ஆங்கிலக் ‘கீப்பிங்’ வைத்திருத்தலையும் குறிக்கும். ‘பாலன்’ பேணுதலை மட்டுமே குறிக்கும்.

பேணுதல் பெட்டிக்கு முற்பட்டது என்பதற்கு இமயமலைச் சாரல் சான்று. காஷ்மீர், இமாசலம், குமாவுன் பகுதிகளில் வீடு கட்டும்போதே தடித்த கற்சுவரில் ஒரு மாடத்தை விட்டுவைப்பர். வெளிப்புறம் சிறு துளை. உட்புறம் மூடித்திறக்கும் பலகை. சுவரின் தடிமன் குளிரையும் வெப்பத்தையும் தடுத்தது. மலையூற்றுகள் நீர் தந்தன. குமாவுனில் தேனீக்கு ‘மௌன்’ என்று பெயர், தொழில் ‘மௌன்பாலன்’. நைனிதாலை அடுத்த ஜியோலிகோட்டில் ஆர். என். முட்டூ 1930களின் இறுதியில் இத்தொழிலை நாடளாவிய இயக்கமாக்க முயன்றார். 1939இல் ‘இந்தியன் பீ ஜர்னல்’ தொடங்கியதும் அங்கிருந்தே. புதிய சட்டப்பெட்டி அங்கே வந்தபொழுது, தேனீயோடு ஒரே கூரையின்கீழ் வாழ்ந்து பழகியவர்களின் கைகளையே அது வந்தடைந்தது.

பெட்டி சுவரிலிருந்து விலகி முற்றத்துக்கு வந்தபொழுது, சுவரும் மலையும் செய்துவந்த பணி மனிதரிடம் வந்து சேர்ந்தது. அவற்றுள் முதன்மையானது நீர். புழுக்கள் வளரும் அடைப்பகுதியைத் தேனீக்கள் ஏறத்தாழ 35 பாகை செல்சியசில் வைத்திருக்கின்றன. கோடையில் வெப்பம் மிகும்போது பணித்தேனீக்கள் நீரைக் கொணர்ந்து அறைகளில் மெல்லிய படலமாகப் பரப்பி, சிறகடித்து ஆவியாக்கிக் கூட்டைக் குளிர்விக்கின்றன. கெட்டியான தேனைப் புழுவுணவுக்காக இளக்கவும் நீர் வேண்டும். தேனைப்போல் நீரை மாதக்கணக்கில் அவை சேமித்து வைப்பதில்லை, அன்றாடம் தேடுகின்றன. 1950களில் ஜெர்மானிய அறிஞர் மார்ட்டின் லிண்டவர் இதன் செய்தித்தொடர்பை ஆராய்ந்தார். நீர் கொணரும் தேனீயிடமிருந்து கூட்டிலுள்ளவை அதனை எவ்வளவு விரைவாகப் பெற்றுக்கொள்கின்றன என்பதே, மேலும் நீர் தேவையா இல்லையா என அதற்கு உணர்த்துகிறது என்று அவர் காட்டினார்.

இவ்வுயிரியல் உண்மை கொல்லைப்புறத்தில் சமூக உண்மையாக மாறுகிறது. தேனீக்கள் தெளிந்த நீரைவிட மணமும் உப்பும் கலந்த நீரை நாடுவதுண்டு. தொழுவத்து ஈரமண், சாக்கடை ஓரம், அண்டை வீட்டுக் கிணற்றடி என ஒருமுறை பழகிய இடத்தை அவை எளிதில் விடுவதில்லை. ஆதலால் வெயில் முற்றுமுன்பே பெட்டிக்கருகில் நீர் வைத்து அதனை வற்றாமல் காப்பது, தேனீயைக் காப்பதோடு அண்டை வீட்டாரின் பொறுமையையும் காக்கும்.

இந்திய முற்றத்தில் நீருக்கு இரண்டாம் பணியும் உண்டு. பெட்டியைத் தாங்கும் கால்கள் நீர்க்கிண்ணங்களில் நிறுத்தப்படுகின்றன. எறும்பு ஏறாதிருக்க இதுவே அரண். ஈண்டு நுட்பமான முரண் ஒன்றுண்டு. குடிநீர்த் தட்டில் கூழாங்கல்லும் குச்சியும் இருத்தல் வேண்டும். இல்லையேல் தேனீக்கள் மூழ்கிவிடும். எறும்புக் கிண்ணத்திலோ ஒரு சருகுகூட விழலாகாது. விழுந்தால் அதுவே எறும்புக்குப் பாலமாகும். அக்கிண்ணத்தில் கழிவு எண்ணெய் ஊற்றும் வழக்கமுள்ள இடங்களில், நல்ல நீரை வேறிடத்தில் வைப்பது மேலும் இன்றியமையாததாகிறது. ஒரே பொருளை இருவேறு விதிகளின்படி நாள்தோறும் கவனிக்கும் இவ்வறிவு, தச்சர் செய்து தரும் பெட்டியோடு சேர்ந்து வருவதன்று.

ஏனைய பராமரிப்பும் இத்தகையதே. அடிப்பலகையைத் துடைத்து அந்துப்பூச்சியின் முட்டைகளையும் புழுக்களையும் நீக்குதல், தேனீக்கள் மொய்க்காத பழைய அடையை அகற்றுதல், பூவற்ற காலத்தில் மாலை வேளையில் சர்க்கரைப்பாகு வைத்தல், வலுவிழந்த குடும்பத்தின் வாயிலைக் குறுக்குதல் முதலியன அவை. குடகில் தென்மேற்குப் பருவமழை நீளும் மாதங்களில் தேனீக்கு வெளியே செல்ல வழியில்லை. அங்கே நீர் மிகுந்திருந்தும் உணவு இல்லை. கோடையில் வறண்ட சமவெளியிலோ பூ இருந்தாலும் நீர் இல்லை. ஒரே பெட்டி இவ்விரு நிலங்களிலும் வேறுவேறு பேணுதலைக் கோரியது.

இப்பேணுதலின் மதிப்பு 1991-92இல் சோதனைக்கு உள்ளானது. தாய்லாந்துப் பைப்புழு நோய் எனப்படும் நச்சுயிரி நோய் தென்னிந்தியாவின் நாட்டுத் தேனீக் குடும்பங்களுள் பெரும்பகுதியை அழித்தது. புழுக்கள் நீர் நிறைந்த பைபோலாகி இறந்தன. அதற்கு மருந்து கிடையாது. குடும்பங்களை வலுவாக வைத்தல், நோயுற்ற அடைகளை அகற்றுதல், தாங்கி நின்ற குடும்பங்களிலிருந்து இனம்பெருக்குதல் என்னும் அன்றாடப் பணிகளே எஞ்சிய வழி. 1962இல் இமாசலத்தின் நக்ரோட்டாவில் நிலைபெற்றிருந்த ஐரோப்பியத் தேனீ, இப்பேரழிவுக்குப் பின் தெற்கிலும் இடம் பெற்றது. அது மிகுதியான தேன் தரும், எளிதில் ஓடிவிடாது. ஆனால் ஓடாத தேனீயிடம் கவனக்குறைவு உடனே வெளிப்படுவதில்லை. நாட்டுத் தேனீ புறக்கணிப்பைப் பொறுக்காமல் நீங்கிவிடும். அதனாலேயே அது தன்னை வளர்ப்போரைக் கண்டிப்பான பேணுநராகப் பயிற்றுவித்திருந்தது.

2020இல் நடுவண் அரசு தேனீ வளர்ப்புக்கென 500 கோடி ரூபாய்த் திட்டத்தை அறிவித்தது. எத்திட்டத்திலும் எளிதில் எண்ணத்தக்கவை பெட்டிகளும் தேனின் எடையும். தட்டில் நீர் இருந்த நாட்களை எண்ணுவதற்குப் பதிவேடு இல்லை. வரலாற்றெழுத்தும் அதே பதிவேடுகளைச் சார்ந்து நிற்பதால், பெட்டி வந்த ஆண்டுகள் நமக்குத் தெரிகின்றன. அவற்றுள் எத்தனையில் தேனீக்கள் தங்கின என்பது தெரிவதில்லை. வளர்ப்பாளரின் வாய்மொழிச் சொற்களையும், அவர்தம் அன்றாட வேலையொழுங்கையும் சான்றாகக் கொள்ளும் ஆய்வே அவ்விடைவெளியை நிரப்பவல்லது. அச்சொற்களை அறிந்த தலைமுறை இன்னும் இருக்கிறது. அவ்வாய்வுக்கு உகந்த காலமும் இதுவே.