ஆஞ்சியோபிளாஸ்டி

சுருங்கிய தமனியை, உடலைக் கீறித் திறக்காமல், உள்ளிருந்தே விரித்துவிடும் சிகிச்சை. இதயத்தோடு சேர்த்தே இப்போது பேசப்பட்டாலும் இது தொடங்கியது காலில். தொடங்கியவரும் அறுவை மருத்துவர் அல்லர், எக்ஸ்ரே பார்ப்பவர்.

வழியைத் திறந்தது ஸ்வீடனின் செல்டிங்கர் 1953இல் வெளியிட்ட உத்தி. தொடை இடுக்கில் தமனியை ஊசியால் துளைத்து, ஊசிக்குள் மெல்லிய கம்பியைச் செலுத்துவார்கள். ஊசியை உருவிவிட்டு, கம்பியின் மேலேயே குழாயை (கதீட்டர்) நழுவவிடுவார்கள். அயோடின் கலந்த சாயத்தைச் செலுத்தினால் எக்ஸ்ரே திரையில் தமனியின் உள்வடிவம் தெரியும். அதுவரை படம் பிடிக்க மட்டுமே பயன்பட்ட இவ்வழியில் மருத்துவமும் செய்யலாம் என்று துணிந்தவர், அமெரிக்காவின் போர்ட்லாந்து நகரில் பணியாற்றிய சார்லஸ் டாட்டர். 1964 ஜனவரி 16 அன்று, விரல்கள் அழுகியும் காலை எடுக்க மறுத்த 82 வயதுப் பெண்மணியின் தொடைத் தமனியை, ஒன்றைவிட ஒன்று பருமனான டெஃப்லான் குழாய்களை நுழைத்து விரித்தார். வலி நின்றது, கால் தப்பியது. அமெரிக்க அறுவை மருத்துவர்கள் பலர் அவரைக் கிறுக்கர் என்றே பேசினர். முறையைப் பேணி வளர்த்தது ஐரோப்பாதான்.

பருமனான குழாய்க்குப் பெரிய துளை வேண்டும். இக்குறையைத் தீர்த்தது, சூரிக்கில் ஆண்ட்ரியாஸ் குருண்ட்சிக் உருவாக்கிய பலூன்: சுருங்கியபடி நுழைந்து, அடைப்பில் மட்டும் விரியும். அதைக் காலில் 1974இலும், இதயத் தமனியில் 1977 செப்டம்பரிலும் பயன்படுத்தினார். விரித்த இடம் மீண்டும் சுருங்காதிருக்க வைக்கும் உலோக வலையான ஸ்டென்ட், மனித இதயத் தமனிக்கு 1986இல் வந்தது.