திரை விலகியபோது மேடையில் நின்றவர்

1951ஆம் ஆண்டு ஏப்ரல் 23ஆம் நாள். அமெரிக்காவின் வர்ஜீனியா மாநிலத்தில் ஃபார்ம்வில் என்ற சிற்றூர். அங்கே கறுப்பினப் பிள்ளைகளுக்கு மட்டுமென்று நடந்த ராபர்ட் ரசா மோட்டன் உயர்நிலைப் பள்ளியில் திடீரென்று எல்லா வகுப்புகளுக்கும் ஒரு சீட்டு வந்தது. உடனே அரங்கத்துக்கு வரவேண்டும் என்று தலைமையாசிரியரின் பெயரின் முதலெழுத்தோடு எழுதியிருந்தது. மாணவர்களும் ஆசிரியர்களும் வந்து உட்கார்ந்தார்கள். திரை விலகியது. மேடையில் தலைமையாசிரியர் இல்லை. பதினாறு வயது மாணவி பார்பரா ரோஸ் ஜான்ஸ் நின்றுகொண்டிருந்தார். பக்கத்தில் இன்னும் சில மாணவர்கள்.

ஆசிரியர்கள் தயவுசெய்து வெளியே போகவேண்டும் என்று அவர் கேட்டுக்கொண்டார். சலசலப்பு அடங்கவில்லை. காலணியைக் கழற்றி ஓங்கித் தட்டி அரங்கத்தை அமைதிப்படுத்தினார். பிறகு பேசினார். பேசி முடித்தபோது 450க்கும் மேற்பட்ட மாணவர்கள் பள்ளியைவிட்டு வெளியேறத் தயாராக இருந்தார்கள்.

மூன்று ஆண்டுகள் கழித்து, 1954 மே 17 அன்று, அரசுப் பள்ளிகளில் இனத்தின் பெயரால் பிள்ளைகளைப் பிரிப்பது அரசியல் சட்டத்துக்கு விரோதம் என்று அமெரிக்க உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. 'பிரவுன் எதிர் கல்வி வாரியம்' என்று பாடப்புத்தகங்களில் படிக்கிறோமே, அது ஒற்றை வழக்கு அல்ல. ஐந்து வழக்குகளைச் சேர்த்து விசாரித்த தீர்ப்பு. அந்த ஐந்தில் மாணவர்களே தொடங்கிய வழக்கு ஒன்றுதான். அது இந்த மோட்டன் பள்ளி வழக்கு. ஐந்து வழக்குகளின் மொத்த மனுதாரர்களில் ஏறத்தாழ நான்கில் மூன்று பங்கினர் இந்த ஒரு பள்ளியிலிருந்து வந்தவர்கள்.

தீர்ப்பைப் பற்றி எழுதுகிறவர்கள் வழக்கறிஞர்களைப் பற்றியும் நீதிபதிகளைப் பற்றியும் நிறைய எழுதியிருக்கிறார்கள். எழுதவேண்டியதுதான். ஆனால் அந்த மேடையைப் பற்றிப் பேசுகிறவர்கள் குறைவு. பார்பரா யார்? பள்ளி நாடகக் குழுவில் இருந்தவர். சேர்ந்திசைக் குழுவில் பாடியவர். மாணவர் மன்றத்தில் இருந்தவர். அவரோடு சேர்ந்து திட்டமிட்ட கேரி ஸ்டோக்ஸ் மாணவர் மன்றத் தலைவர். கேரியின் சகோதரர் ஜான் ஸ்டோக்ஸும் உடன் இருந்தார். 'பாடத்துக்கு வெளியே' என்று நாம் ஒதுக்கிவைக்கும் வேலைகளில் பழகிய பிள்ளைகள்தான் அன்று மேடையில் இருந்தார்கள். இது தற்செயல் என்று எனக்குத் தோன்றவில்லை.

பள்ளியின் நிலையைப் பார்ப்போம். மோட்டன் பள்ளிக் கட்டடம் 1939இல் திறக்கப்பட்டது. 180 மாணவர்களுக்கான கட்டடம். பத்து ஆண்டுகள் கழித்து அதில் இரண்டு மடங்குக்கு மேல் மாணவர்கள். உடற்பயிற்சிக் கூடம் இல்லை. உணவுக்கூடம் இல்லை. அறிவியல் ஆய்வுக்கூடம் இல்லை. அதே ஊரில் வெள்ளையர் பிள்ளைகள் படித்த பள்ளியில் இவையெல்லாம் இருந்தன. புதிய கட்டடம் கேட்டபோது மாவட்டக் கல்வி வாரியம் கொடுத்தது என்ன தெரியுமா? மரச்சட்டத்தில் தார்த்தாள் போர்த்திய தற்காலிகக் கொட்டகைகள். பார்க்கிறவர்கள் கோழிப் பண்ணை என்று நினைத்தார்கள். மழை பெய்தால் உள்ளே ஒழுகும். குளிர்காலத்தில் நடுவில் ஓர் அடுப்பு. அடுப்புக்குப் பக்கத்தில் உட்கார்ந்தவருக்கு வேகும், தள்ளி உட்கார்ந்தவர் மேல்கோட்டைக் கழற்ற முடியாது. இடமில்லாமல் ஒரே அரங்கத்தில் ஒரே நேரத்தில் பல வகுப்புகள் நடந்தன. நாடகம் ஒத்திகை பார்த்த மேடையும் அந்த அரங்கத்தில்தான் இருந்தது.

பெற்றோர் சங்கம் சும்மா இருக்கவில்லை. பாதிரியார் ஃபிரான்சிஸ் கிரிஃபினும் தலைமையாசிரியர் பாய்ட் ஜோன்சும் மாதாமாதம் வாரியத்தின் கூட்டங்களுக்குப் போய்க் கேட்டார்கள். பார்க்கலாம், செய்யலாம் என்ற பதில்தான் வந்தது. கடைசியில் இனி வரவேண்டாம், முடிவானால் சொல்லி அனுப்புகிறோம் என்றார்கள். மனுவோடு அலுவலகப் படியேறிய எவருக்கும் இந்தப் பதில் புதிதல்ல.

நாடகக் குழுவோடும் இசைக் குழுவோடும் பார்பரா வேறு பள்ளிகளுக்குப் போய்வந்தார். பள்ளிக்கூடம் என்றால் எப்படி இருக்கலாம் என்று கண்ணால் பார்த்தார். வாழ்நாள் முழுக்கக் கொட்டகையை மட்டுமே பார்த்த பிள்ளைக்குக் கொட்டகைதான் பள்ளி. வேறொன்றைப் பார்த்தபிறகுதான் அது அநீதியாகத் தெரிகிறது. தன் மனக்குறையை அவர் இசை ஆசிரியை இனெஸ் டேவன்போர்ட்டிடம் கொட்டினார். ஆசிரியை ஆறுதல் சொல்லவில்லை. நீ ஏன் ஏதாவது செய்யக்கூடாது என்று திருப்பிக் கேட்டார். ஒருநாள் பள்ளிப் பேருந்தைத் தவறவிட்டுச் சாலையோரம் நின்றபோது, வெள்ளையர் பிள்ளைகளின் பேருந்து பாதி காலியாகத் தன்னைக் கடந்து போனதைப் பார்த்ததாகவும் பார்பரா பின்னாளில் எழுதியிருக்கிறார். ஏதாவது செய்தே ஆகவேண்டும் என்று அன்று முடிவெடுத்தார்.

1950 இலையுதிர் காலத்தில் நம்பகமான சில மாணவர்களை விளையாட்டுத் திடலில் கூட்டிப் பேசினார். ஏப்ரல் வரை மாதக்கணக்கில் அவர்கள் ரகசியம் காத்தார்கள். பெற்றோருக்குத் தெரியாது. அரங்கத்தில் உட்கார்ந்திருந்த சொந்தத் தங்கை ஜோனுக்கே தெரியாது. மேடையில் அக்காவைப் பார்த்துத் திகைத்துப்போனதாக அவர் பிற்காலத்தில் சொல்லியிருக்கிறார். வீட்டில் பார்பரா அதிகம் பேசாத பெண்.

அன்று நடந்ததை ஒரு நாடகக்காரரின் கண்ணோடு பாருங்கள். பேருந்து நிலையத்தில் மாணவர்கள் சிலர் சிக்கலில் மாட்டிக்கொண்டார்கள் என்று தலைமையாசிரியருக்கு ஒரு தொலைபேசி அழைப்பு போகிறது. அவர் கிளம்பிப் போகிறார். அவர் போனதும் சீட்டுகள் வகுப்புகளுக்குப் போகின்றன. யார் எதைக் கொண்டுபோவது, யார் எங்கே நிற்பது, எப்போது திரையைத் திறப்பது, முதலில் யார் பேசுவது என்று எல்லாம் ஏற்கெனவே பிரித்துக் கொடுக்கப்பட்டிருந்தது. இதைத்தானே ஒத்திகை கற்றுக்கொடுக்கிறது? கூட்டத்தின் முன் நடுங்காமல் நிற்பது, கடைசி வரிசைக்குக் கேட்கும்படி பேசுவது, தன் முறை வரும்வரை வாயை மூடிக்கொண்டிருப்பது, பக்கத்தில் நிற்பவரை நம்புவது. நாடகக் குழு இல்லாவிட்டால் போராட்டமே இருந்திருக்காது என்று நான் சொல்லவரவில்லை. அவர்களுக்குக் கிடைத்த மிகச் சில வளங்களில் அந்த மேடையும் ஒன்று, அதை முழுதாகப் பயன்படுத்தினார்கள் என்கிறேன்.

வேலைநிறுத்தம் இரண்டு வாரம் நீடித்தது. மாணவர்கள் கேட்டது நல்ல பள்ளிக் கட்டடம். தேசிய வண்ணமக்கள் முன்னேற்றச் சங்கத்தின் வழக்கறிஞர்களான ஆலிவர் ஹில், ஸ்பாட்ஸ்வுட் ராபின்சன் இருவருக்கும் உதவி கேட்டுக் கடிதம் எழுதினார்கள். வந்து பார்த்த வழக்கறிஞர்கள் ஒரு நிபந்தனை வைத்தார்கள். தனிப் பள்ளியைச் சீர்செய்யக் கேட்டு வழக்குப் போடமாட்டோம், பிரித்துவைப்பதையே எதிர்ப்பதாக இருந்தால் வருகிறோம் என்றார்கள். ஒரே நாளில் கோரிக்கை வேறாகிவிட்டது. தேவாலயத்தில் கூடிய கூட்டத்தில் முன்னாள் தலைமையாசிரியர் ஒருவர் இதை எதிர்த்துப் பேசினார். ஊரும் தயங்கியது. பார்பரா எழுந்து, வெள்ளையருக்குப் பணிந்துபோகச் சொல்கிறவர்கள் பேச்சைக் கேட்டுப் பின்வாங்க வேண்டாம் என்றார். கூட்டம் அவர் பக்கம் சாய்ந்தது. 1951 மே 23 அன்று வழக்குப் பதிவானது. மனுவில் முதல் பெயர் ஒன்பதாம் வகுப்பு மாணவி டோரதி டேவிஸ். மொத்தம் 117 மாணவர்கள்.

1952இல் ரிச்மண்ட் நகரில் விசாரணை நடந்தது. இங்கே ஒன்றை நாம் கவனமாகப் படிக்கவேண்டும். மாநில அரசு தன் பக்கச் சாட்சியாக ஹென்றி காரெட் என்ற உளவியல் பேராசிரியரைக் கொண்டுவந்தது. தனித்தனிப் பள்ளிகளே இரு சாராருக்கும் நல்லது என்று அவர் சாட்சி சொன்னார். அதற்கு அவர் அடுக்கிய காரணங்களில் ஒன்று இது: கறுப்பர்களுக்கு நாடகக் கலையிலும் இசையிலும் திறமை இருப்பதாகத் தெரிகிறது, தங்கள் சொந்தப் பள்ளிகளில் அதை அவர்கள் வளர்த்துக்கொள்ளலாம் என்ற பொருளில் அவர் பேசினார்.

இந்தப் பாராட்டை நாம் எங்கேயோ கேட்டிருக்கிறோம் அல்லவா? நான் ஆதிதிராவிடர் நல விடுதியில் தங்கிப் படித்தவள். ஆண்டு விழா வந்தால், ராணி வேடத்துக்கு யார் என்பது எங்களைக் கேட்காமலே முடிவாகியிருக்கும். விடுதிப் பிள்ளைகளுக்கு நாற்காலி தூக்கும் வேலை, திரை இழுக்கும் வேலை, பிறகு கடைசியில் ஓர் ஆட்டம். 'உங்களுக்குத்தான் இதெல்லாம் ரத்தத்திலேயே இருக்கே' என்று ஓர் ஆசிரியர் சொன்னார். அன்று அதைப் பெருமை என்று நினைத்துச் சிரித்தேன். பிறப்பைச் சொல்லிப் பாராட்டி அந்த இடத்திலேயே உட்காரவைக்கிற தந்திரம் அது என்று புரியப் பல ஆண்டுகள் ஆயின. காரெட்டின் சாட்சியத்தைப் படித்தபோது அந்த ஆசிரியரின் குரல்தான் காதில் கேட்டது. 1946இல் பாபாசாகேப் அம்பேத்கர், கறுப்பின அறிஞர் டுபாய்சுக்குக் கடிதம் எழுதி, தீண்டப்படாதோரின் நிலைக்கும் அமெரிக்கக் கறுப்பர்களின் நிலைக்கும் இருக்கும் ஒற்றுமையைச் சுட்டிக்காட்டினார். அந்த ஒற்றுமை பட்டினியிலும் அடி உதையிலும் மட்டுமல்ல, இப்படிப்பட்ட பாராட்டுகளிலும் இருக்கிறது.

மோட்டன் மாணவர்களின் பதில் நீதிமன்றத்துக்கு முன்பே வந்துவிட்டது. நாடகத் திறமையை அவர்கள் ஆதிக்கத்தை மகிழ்விக்கப் பயன்படுத்தவில்லை. அதே மேடையில் ஏறி, அந்தப் பள்ளியையே இழுத்துப் பூட்டினார்கள்.

கூட்டாட்சி நீதிமன்றம் மாணவர்களுக்கு எதிராகத் தீர்ப்பளித்தது. வசதிகளைச் சமமாக்கினால் போதும் என்றது. அவசர அவசரமாகப் புதிய கட்டடம் கட்டி 1953இல் திறந்தார்கள். எத்தனையோ மனுக்களுக்குக் கிடைக்காத கட்டடம் ஒரு வேலைநிறுத்தத்துக்குக் கிடைத்தது. மேல்முறையீட்டில்தான் 1954 தீர்ப்பு வந்தது.

இதோடு முடித்தால் இனிமையான கதைதான். ஆனால் விலை கொடுத்தவர்கள் யார் என்பதையும் சொல்லவேண்டும். வேலைநிறுத்த நாட்களில் பள்ளி வளாகத்தில் சிலுவை எரித்து மிரட்டினார்கள். மகளின் உயிருக்கு அஞ்சிய பெற்றோர் பார்பராவை அலபாமாவின் மாண்ட்கமரியில் இருந்த தந்தையின் சகோதரர் வெர்னன் ஜான்ஸ் வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். மார்ட்டின் லூதர் கிங்குக்கு முன் அதே தேவாலயத்தில் ஊழியம் செய்த பாதிரியார் அவர். தான் தொடங்கிய போராட்டத்தின் பள்ளியில் பார்பரா படித்து முடிக்கவில்லை. தலைமையாசிரியர் ஜோன்ஸ் வேலையை இழந்தார். 1955இல் ஜான்ஸ் குடும்பத்தின் வீடு எரிந்து சாம்பலானது.

அதைவிடக் கொடுமை 1959இல் நடந்தது. பிள்ளைகளைச் சேர்த்துப் படிக்கவைக்க நீதிமன்றம் கட்டளையிட்டபோது, பிரின்ஸ் எட்வர்ட் மாவட்டம் தன் அரசுப் பள்ளிகள் அனைத்தையும் மூடியது. ஒரு நாள், ஒரு மாதம் அல்ல, ஐந்து ஆண்டுகள். வெள்ளையர்களுக்குத் தனியார் பள்ளி உடனே தயாரானது. கறுப்பினப் பிள்ளைகள் ஏறத்தாழ 1,700 பேருக்குப் பள்ளியே இல்லை. சிலர் உறவினர் வீடுகளுக்கு வெளியூர் போனார்கள். சிலர் தேவாலயத்தின் அடித்தளத்தில் நடந்த வகுப்புகளில் படித்தார்கள். பலர் படிப்பையே விட்டார்கள். 1964இல் உச்ச நீதிமன்றம் தலையிட்ட பிறகே அரசுப் பள்ளிகள் மீண்டும் திறந்தன. அன்று படிப்பை இழந்தவர்களுக்கு உதவித்தொகைத் திட்டம் ஒன்றை மாநிலம் தொடங்கியது 2004இல். இழந்தவர்கள் அதற்குள் முதியவர்களாகியிருந்தார்கள்.

பார்பரா பிற்காலத்தில் ஃபிலடெல்ஃபியாவில் பள்ளி நூலகராக வேலை பார்த்தார். 1991இல் இறந்தார். பெரிய மேடைகளைத் தேடிப் போகவில்லை. அமெரிக்க நாடாளுமன்றக் கட்டடத்தில் வர்ஜீனியாவின் சார்பில் நின்ற, அடிமைமுறைக்காகப் போரிட்ட தளபதி ராபர்ட் லீயின் சிலை 2020 டிசம்பரில் அகற்றப்பட்டது. அந்த இடத்துக்கு மாநிலம் தேர்வுசெய்தது பார்பரா ஜான்ஸின் சிலையை. அவர் நின்று பேசிய பழைய பள்ளிக் கட்டடம் இப்போது அருங்காட்சியகம்.

நான் மாலைநேர வகுப்புகளில் வேலை செய்கிறவள். நிதி குறையும்போது முதலில் வெட்டப்படுவது நாடகமும் பாட்டும்தான். கணக்கும் ஆங்கிலமும் போதும், இந்தப் பிள்ளைகளுக்கு ஆட்டம் எதற்கு என்று நம் தோழர்களே கேட்கிறார்கள். கணக்கும் ஆங்கிலமும் கட்டாயம் வேண்டும். ஆனால் நாலு பேர் முன் எழுந்து நின்று தன் பெயரையும் தன் கோரிக்கையையும் உரக்கச் சொல்ல எங்கே கற்றுக்கொள்வார்கள்? அதோடு இன்னொன்றும் இருக்கிறது. இனெஸ் டேவன்போர்ட் போல, நீ ஏன் செய்யக்கூடாது என்று கேட்பது நமக்குச் சுலபம். செய்தபிறகு அந்தப் பிள்ளைக்கு வரும் விலையில் நம் பங்கு என்ன என்பதையும் நாம் முன்கூட்டியே முடிவுசெய்திருக்க வேண்டும். மோட்டன் பள்ளிப் பிள்ளைகள் தங்கள் வேலையைச் சரியாகத்தான் செய்தார்கள்.