பதின்மூன்று நாளில் உருவான துப்பாக்கி

ஒரு கருவியைக் கண்டவுடன், “இதனைக் கண்டுபிடித்தவர் யார்?” என்று வினவுதல் மாந்தர் இயல்பு. அவ்வினாவிற்கு ஒற்றைப் பெயரையே விடையாகப் பெற விரும்புதலும் அவ்வியல்பின் ஒரு கூறேயாகும். நீராவிப் பொறி என்றால் ஜேம்ஸ் வாட் என்று பள்ளி மாணவரும் கூறுவர். ஆயின், வாட் பிறப்பதற்கு இருபது ஆண்டுகளுக்கு மேல் முன்னரே, 1712-ஆம் ஆண்டில், தாமஸ் நியூக்கோமன் அமைத்த நீராவிப் பொறி சுரங்கத்து நீரை இறைத்துக் கொண்டிருந்தது. வரலாறு பலர் கைபட்டு வளர்வது; கதையோ ஒருவர் தோளில் ஏறிச் செல்வது. இவ்விரண்டிற்கும் உள்ள வேறுபாட்டினை உணர்த்தவல்ல சான்றுகளுள் ஒன்று, இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் அமெரிக்காவில் உருவான ‘எம்-1 கார்பைன்’ என்னும் சிறு துப்பாக்கியின் வரலாறு.

தேவை பிறந்த விதம்

1936-ஆம் ஆண்டில் அமெரிக்கப் படை ஏற்றுக்கொண்ட கேரண்ட் துப்பாக்கி, காலாட்படை வீரனுக்கு ஏற்ற வலிய கருவி. ஆனால் அதன் எடை சுமார் 4.3 கிலோகிராம். போர்க்களத்தில் எல்லோரும் முன்னணியில் நின்று சுடுபவர் அல்லர். பீரங்கிக்குக் குண்டு சுமப்போர், தந்திக்கம்பி இழுப்போர், வண்டி ஓட்டுவோர், உணவு கொண்டு செல்வோர் எனப் பலர் உளர். அவர்தம் கைகள் வேறு பணியில் ஈடுபட்டிருக்க, நீண்ட துப்பாக்கி முதுகில் இடராகத் தொங்கியது. அவர்களுக்குக் கைத்துப்பாக்கி தரலாம் எனின், அதனைக் கொண்டு ஐம்பது கஜத் தொலைவில் குறி தவறாது சுடுதல் பயிற்சி மிக்கவர்க்கே இயலும். தாம்சன் இயந்திரத் துப்பாக்கியோ கேரண்டைவிடவும் கனமானது.

1940-ஆம் ஆண்டு மே திங்களில் செருமானியப் படை மேற்கு ஐரோப்பாவுள் மின்னலெனப் பாய்ந்தது. வான்குடை வீரர் எதிரணியின் பின்புறத்தே இறங்கினர். ‘பின்னணி’ என்று ஒன்று இனி இல்லை என்னும் உண்மை படைத்தலைவர்கட்குப் புலனாயிற்று. முன்னர் 1938-இல் காலாட்படையினர் விடுத்தபோது தட்டிக்கழிக்கப்பட்ட வேண்டுகோள், 1940 ஜூன் திங்களில் ஏற்கப்பட்டது. ஐந்து பவுண்டு எடைக்கு மேற்படாத இலேசான துப்பாக்கி ஒன்று வேண்டும் என்று படைக்கலத் துறை அறிவித்தது.

இடைப்பட்ட தோட்டா

துப்பாக்கிக்கு முன்னர்த் தோட்டா முடிவு செய்யப்பட்டது. வின்செஸ்டர் நிறுவனம் 1905-ஆம் ஆண்டில் தன் தானியங்கித் துப்பாக்கிக்கென ஆக்கிய பழைய தோட்டா ஒன்றனைத் திருத்திப் புதியதைப் படைத்தது. நேரான சுவருடைய அதன் பித்தளைக் கூட்டினைக் காண்பார், கைத்துப்பாக்கித் தோட்டா சற்று நீண்டுவிட்டது என்றே எண்ணுவர். அதன் ரவை ஏறத்தாழ 7 கிராம் எடையும், நொடிக்கு 600 மீட்டருக்குச் சற்று மிகுந்த விரைவும் உடையது. படையினரின் .45 கைத்துப்பாக்கி ரவையோ நொடிக்கு 250 மீட்டர் அளவிலேயே செல்லும். கேரண்டின் ரவை 850 மீட்டர் செல்லும். ஆகவே புதிய தோட்டா இவ்விரண்டிற்கும் இடைப்பட்டது எனலாம். பிற்காலத்தில் இதே தோட்டாவைக் கொண்டு சுடும் சுழல் கைத்துப்பாக்கிகளும் செய்யப்பட்டன.

சிறிய தோட்டாவிற்குத் துப்பாக்கி செய்தல் எளிது என்று தோன்றலாம், உண்மை அதுவன்று. கைத்துப்பாக்கித் தோட்டாவைச் சுடும் இயந்திரத் துப்பாக்கிகள் பலவற்றில், வெடியின் விசையைத் தாங்கி நிற்பது அடைப்புக் கட்டையின் எடையே. தோட்டாவின் வலிமை கூடினால் அக்கட்டையின் எடையும் கூடவேண்டும். எடை கூடினால் ஐந்து பவுண்டு என்னும் எல்லை உடைந்துபோம். எனவே சுழன்று பூட்டிக்கொள்ளும் இலேசான அடைப்பும், அதனைத் தக்க நொடியில் திறக்கும் தனி விசையும் வேண்டப்பட்டன. வெடியினின்று பிறக்கும் வாயுவே அவ்விசையாயிற்று.

கேரண்டில் அவ்வாயு குழலின் வாய்க்கு அருகில் பிரித்தெடுக்கப்பட்டு, நெடுந்தொலைவு தண்டினைத் தள்ளிச் செல்லும். கார்பைனிலோ வாயு குழலின் இடையிலேயே பிரிந்து, சிறு உந்து தண்டு ஒன்றனைத் தாக்கும். அவ்வுந்து தண்டு அசையும் தொலைவு நான்கு மில்லிமீட்டருக்கும் குறைவு. கேரம் பலகையில் அடிக்கும் காய் மற்றொரு காயைத் தாக்கித் தான் நின்றுவிட, தாக்குண்ட காய் விரைந்தோடுதல் போன்றது இது. உந்து தண்டு ஒரு தட்டுத் தட்டும். தட்டுண்ட சட்டம் பின்னோக்கி ஓடி அடைப்பினைச் சுழற்றித் திறக்கும். வெற்றுக்கூடு வெளியே விழும். வில்சுருள் மீண்டும் சட்டத்தை முன்தள்ளப் புதிய தோட்டா உள்ளே புகும். இச்சிறு உந்து தண்டே கார்பைனின் உயிர்நிலை.

சிறையில் முளைத்த எண்ணம்

இவ்வுந்து தண்டின் அமைப்பினைத் தந்தவர் டேவிட் மார்ஷல் வில்லியம்ஸ். வட கரோலினா மாநிலத்தில் 1900-ஆம் ஆண்டில் பிறந்த இவர், மதுவிலக்குக் காலத்தில் கள்ளச் சாராயம் காய்ச்சினார். 1921-இல் காவலர் அவ்விடத்தை முற்றுகையிட்டபோது நிகழ்ந்த துப்பாக்கிச் சூட்டில் ஆல்ஃபிரட் ஜாக்சன் பேட் என்னும் துணை ஷெரீப் உயிர் இழந்தார். முதல் விசாரணையில் நடுவர் குழு ஒருமித்த முடிவுக்கு வரவில்லை. பின்னர் இரண்டாம் நிலைக் கொலைக் குற்றத்தை ஒப்புக்கொண்ட வில்லியம்ஸ் முப்பதாண்டுத் தண்டனை பெற்றார். சிறைப் பண்ணையின் பட்டறையில் வேலை பார்த்த அவர், கிடைத்த இரும்புத் துண்டுகளைக் கொண்டே துப்பாக்கிகளைச் செய்து பார்த்தார். சிறை அதிகாரியும் அதற்கு இடந்தந்தார். தண்டனை குறைக்கப்பட்டு 1929-இல் வெளிவந்த வில்லியம்ஸ், பத்தாண்டுகள் கழித்து வின்செஸ்டர் நிறுவனத்தில் சேர்ந்தார்.

அங்கு அவரிடம் ஒப்படைக்கப்பட்டது பிறர் தொடங்கிய பணி. புகழ்பெற்ற ஜான் பிரவுனிங்கின் மாற்றாந்தாய் வழிச் சகோதரரான எட் பிரவுனிங், பெரிய துப்பாக்கி ஒன்றனை அமைத்து வந்த நிலையில் 1939 மே திங்களில் மறைந்தார். அத்துப்பாக்கியில் வில்லியம்ஸ் தம் உந்து தண்டினைப் பொருத்தினார். எட் பிரவுனிங் அமைத்திருந்த அடைப்பு, மணல் புகுந்த இடத்துத் தடுமாறியது. அதனால் கேரண்டின் முறையைத் தழுவிய சுழலும் அடைப்பு அதற்கு மாற்றாக வந்தது. ஒன்பதரைப் பவுண்டு இருந்த துப்பாக்கி ஏழரைப் பவுண்டாக இளைத்தது.

பதின்மூன்று நாள்

1941-ஆம் ஆண்டின் இடைப்பகுதியில், பல நிறுவனங்கள் அனுப்பிய சிறு துப்பாக்கிகளைச் சோதித்த படைக்கலத் துறை மனநிறைவு கொள்ளவில்லை. அப்போது வின்செஸ்டரின் பெரிய துப்பாக்கியைக் கண்ட ரெனே ஸ்டட்லர் என்னும் படை அதிகாரி, இதனையே சிறிதாக்கித் தர இயலுமா என்று கேட்டார். காலம் மிகக் குறுகியது. எட்வின் பக்ஸ்லி மேற்பார்வை செய்ய, வில்லியம் ரோமர், ஃபிரெட் ஹ்யூமஸ்டன் ஆகியோரும் வேறு மூன்று பொறியாளரும் பட்டறையில் இறங்கினர்.

புதிதாக எல்லாவற்றையும் கடைந்தெடுக்க நேரமில்லை. ஆகவே 1905-ஆம் ஆண்டு வின்செஸ்டர் துப்பாக்கியின் விசைக்கூட்டினை அப்படியே எடுத்துக்கொண்டனர். கேரண்டின் இயக்கத் தண்டினை மாற்றியமைத்துப் பொருத்தினர். பழைய வீட்டின் கதவும் மற்றொரு வீட்டின் தூணும் கொண்டு புதுமனை எழுப்பியது போன்ற வேலை அது. பதின்மூன்றாம் நாள் துப்பாக்கி சுட்டது! ஆகஸ்டுத் திங்களில் அதனைக் கண்ட படையினர் பெரிதும் வியந்தனர். பின்னர் செம்மை செய்யப்பட்ட இரண்டாம் படிவத்தை முடிப்பதில் வில்லியம்ஸும் பங்கு கொண்டார். அது செப்டம்பர்ச் சோதனையில் ஏனையவற்றை வென்றது. 1941 அக்டோபர் 22-இல் ‘எம்-1 கார்பைன்’ என்னும் பெயரோடு படையில் ஏற்கப்பட்டது.

இதன் எடை சுமார் 2.4 கிலோகிராம், தட்டச்சுப் பொறி செய்தோரும், கணக்குப் பொறி செய்த ஐபிஎம் நிறுவனத்தாரும், காசு போட்டால் பாடும் பாட்டுப்பெட்டி செய்த ராக்-ஓலா நிறுவனத்தாரும்கூட இத்துப்பாக்கியைச் செய்தனர். 1945 ஆகஸ்டிற்குள் அறுபது இலட்சத்திற்கும் மேற்பட்டவை செய்யப்பட்டன. அமெரிக்கா அப்போரில் செய்த சிறு படைக்கலங்களுள் வேறெதுவும் இத்தொகையை எட்டவில்லை.

புகழும் குறையும்

குறையில்லாக் கருவி உலகில் இல்லை. 1950-இல் மூண்ட கொரியப் போரின் கடுங்குளிரில் கார்பைன் செயல்படத் தயங்கியது என்றும், தடித்த உடையணிந்து வரும் பகைவரை அதன் ரவை நிறுத்தவில்லை என்றும் வீரர் குறை கூறினர். பின்னணிப் பணியாளர்க்கென ஆக்கியதை முன்னணிப் போருக்குக் கொண்டு சென்றதன் விளைவு அது. ஆயின், மழையும் முட்செடியும் மண்டிய மலாயாக் காட்டில், 1948 முதல் 1960 வரை நீடித்த அவசரகாலத்தில், அதன் இலேசான எடையே அதற்குச் சிறப்பாயிற்று. காவல் துறையினர் கையில் அது பரவலாகக் காணப்பட்டது. அக்காலத்தே ரப்பர்த் தோட்டங்களில் வாழ்ந்த நம் பாட்டன் பாட்டியர், துப்பாக்கி ஏந்திய காவலுக்கும் காட்டிலிருந்து வந்த துப்பாக்கிக்கும் இடையே பால்மரம் சீவினர் என்பது நினைவிற்கொள்ளத் தக்கது. எத்துணை நுட்பமாக அமைந்தாலும் படைக்கலம் உயிர்பறிக்கும் பொருளே.

ஒருவர் பெயரும் பலர் உழைப்பும்

1952-இல் ‘கார்பைன் வில்லியம்ஸ்’ என்னும் திரைப்படம் வெளிவந்தது. ஜேம்ஸ் ஸ்டூவர்ட் அதில் வில்லியம்ஸாக நடித்தார். சிறையில் இருந்தவர் தனியொருவராகப் படைக்கலம் கண்டார் என்னும் கருத்து மக்கள் மனத்தில் பதிந்தது. ஆனால் அதற்கு முந்தைய ஆண்டிலேயே பக்ஸ்லி தம் மடலொன்றில், இத்துப்பாக்கி தனி ஒருவர் படைப்பன்று, குழுவினர் படைப்பு என்று தெளிவுறுத்தி, ரோமர், வில்லியம்ஸ், ஹ்யூமஸ்டன் முதலியோர் பெயரைச் சுட்டியிருந்தார். மடல் சிலர் கண்ணிலேயே பட்டது. திரைப்படமோ உலகெங்கும் ஓடியது. வில்லியம்ஸின் பட்டறை இன்று வட கரோலினா வரலாற்று அருங்காட்சியகத்தில் பேணப்படுகிறது. ரோமரையும் ஹ்யூமஸ்டனையும் துறை நூல் பயில்வோரன்றிப் பிறர் அறியார். உயிர் இழந்த துணை ஷெரீப்பை நினைப்பாரோ அவரினும் சிலர்.

வில்லியம்ஸின் அறிவாற்றலை மறுத்தல் இக்கட்டுரையின் நோக்கம் அன்று. அவர்தம் உந்து தண்டு இன்றேல் கார்பைன் இல்லை. எட் பிரவுனிங்கின் தொடக்கமும், கேரண்டின் சுழல் அடைப்பும், ரோமர் முதலானோரின் பதின்மூன்று நாள் உழைப்பும் இன்றேலும் அது இல்லை. உரியவர்க்கு உரிய பங்கினை அளந்து தருதலே வரலாற்றின் அறம். “கண்டுபிடித்தவர் யார்?” என்று வகுப்பறையில் கேட்கும் ஆசிரியர், “யார் யார்?” என்று கேட்கப் பழகுவாராயின், மாணவர் கதையைக் கடந்து வரலாற்றினுள் அடியெடுத்து வைப்பர்.