தற்கொடை

பிறர் பொருட்டோ ஓர் உயர்ந்த நோக்கத்துக்காகவோ ஒருவர் தம் உயிரைத் தாமே விரும்பி ஈதல் தற்கொடை எனப்படும். ‘தன்’, ‘கொடை’ என்பவை புணர்கையில் னகரம் றகரமாயிற்று. தற்கொலை என்பதும் இவ்வாறே புணர்ந்தது. ஆனால் கொல்லுதலும் கொடுத்தலும் ஒன்றல்ல. தொல்காப்பியம் வாகைத் திணையில் கூறும் ‘அவிப்பலி’ தற்கொடைக்கு நெருங்கிய பழஞ்சொல். போர்க்களத்தில் வீரன் உயிர் வழங்குதலை அது குறிக்கும். கிரேக்கத் தொன்மத்தில் கணவன் அட்மீட்டசுக்கு மாற்றாக இறக்க முன்வந்த அல்செஸ்டிஸ் தற்கொடைக்குத் தெளிவான சான்று.

இலங்கையின் கண்டியில் இச்சொல்லோடு சேர்த்து எண்ணத்தக்கவன் மத்தும பண்டார. கண்டி அரசின் அமைச்சரான (அதிகாரம்) எகலப்பொல கலகம் செய்து ஆங்கிலேயரிடம் சென்றபின், 1814இல் அவர் குடும்பத்துக்கு மன்னன் ஸ்ரீ விக்கிரம ராஜசிங்கன் மரண தண்டனை விதித்தான். கொலைக்களத்தில் மூத்த மகன் அஞ்சித் தாயைப் பற்றிக்கொள்ள, அவன் தம்பியான சிறுவன் மத்தும பண்டார அண்ணனைத் தேற்றி, முதலில் தன் தலையைக் கொடுத்தான் என்பர். அண்ணனும் கொல்லப்பட்டான், தாய் போகம்பரைக் குளத்தில் மூழ்கடிக்கப்பட்டாள். சாவு தண்டனையாக விதிக்கப்பட்டதாலும் யாருடைய உயிரும் காக்கப்படாததாலும், கண்டிப்பான பொருளில் இது தற்கொடை ஆகாது. அச்சிறுவன் ஈந்தது துணிவை. அதுவும் அரிய கொடையே.