டர்போ எஞ்சினும் அதன் கணினியும்: சுருதி கூட்டும் உரிமையின் வரலாறு

வீணை எத்துணைச் சிறந்த தச்சனாற் செய்யப்பட்டதாயினும், அதன் நரம்புகளுக்குச் சுருதி கூட்டிய பின்னரே இன்னிசை பிறக்கும். மோட்டார் எஞ்சினும் அத்தகையதே. எவ்வளவு காற்று, எவ்வளவு எரிபொருள், எந்தக் கணத்தில் தீப்பொறி என்னும் மூன்றும் ஒன்றோடொன்று இயைந்தாலன்றி அது செவ்வனே இயங்காது. இவ்வியைபை உண்டாக்கும் தொழிலையே மெக்கானிக்குகள் டியூனிங் என வழங்குவர். முன்னாளில் அது காபுரேற்றரின் திருகாணியைக் கையால் திருப்பிச் செய்யப்பட்டது. இந்நாளிலோ எஞ்சினை ஆளும் சிறு கணினியுள் உறையும் எண்களை மாற்றிச் செய்யப்படுகின்றது. அவ்வெண்களை மாற்றும் உரிமை யாருக்குரியது? வாகனத்தை ஆக்கியோனுக்கா, அதனை விலை கொடுத்து வாங்கியோனுக்கா, அன்றி எல்லோருக்கும் பொதுவான காற்றைக் காக்கக் கடமைப்பட்ட அரசுக்கா? இவ்வினா டர்போ பொருத்திய எஞ்சினின் வரலாற்றிலே மிகக் கூர்மை பெற்று நிற்கின்றது.

டர்போ என்பது யாது என்பதை முதற்கண் நோக்குவோம். எரிந்து முடிந்த வாயு எஞ்சினை விட்டு வெளியேறும்போது எரிபொருளின் வெப்பத்தில் ஒரு பெரும் பங்கை வீணே கொண்டு செல்கின்றது. அவ்வாயுவைக் கொண்டு ஒரு சக்கரத்தைச் சுழற்றி, அதே அச்சில் அமைந்த மற்றொரு சக்கரத்தாற் புதுக்காற்றை அமுக்கி உருளைகளுக்குள் செலுத்தினால், சிறிய எஞ்சினும் பெரிய எஞ்சினின் வலுவைத் தரும். இக்கருத்துக்கு 1905ஆம் ஆண்டில் ஆக்கவுரிமை பெற்றவர் சுவிற்சலாந்துப் பொறியியலாளராகிய அல்பிரெட் பூக்கி என்பவர். கருத்துத் தோன்றி ஏறக்குறைய இருபது ஆண்டுகள் சென்ற பின்னரே, 1920களில், கப்பல்களின் டீசல் எஞ்சின்களில் அது பயன் தந்தது. இதற்கிடையில், 1918ஆம் ஆண்டில், அமெரிக்கப் பொறியியலாளர் சான்போர்ட் மொஸ் என்பார் லிபேர்ட்டி என்னும் விமான எஞ்சினைக் கொலராடோ மாநிலத்துப் பைக்ஸ் சிகரத்துக்கு, ஏறக்குறைய 14,000 அடி உயரத்துக்கு, ஏற்றிச் சென்று சோதித்தார். கடல் மட்டத்தில் 350 குதிரை வலு தந்த அவ்வெஞ்சின், மெலிந்த காற்றுள்ள அம்மலையுச்சியில் 230 குதிரை வலுவையே தந்தது. டர்போ பூட்டிய பின்னர் 356 குதிரை வலுவை எட்டியது. உயரத்தினால் இழந்தது அனைத்தும் மீண்டும் கிடைத்ததென்க.

டீசலுக்கு எளிதாய் இயைந்த இவ்வுத்தி பெற்றோல் மோட்டார்க் காருக்கு அத்துணை எளிதில் இயையவில்லை. காரணம் யாதெனின், பெற்றோலும் காற்றும் கலந்த கலவையை மிகுதியாக அமுக்கினால் அது சூடேறி, தீப்பொறியிலிருந்து பரவும் சுவாலை தன்னை வந்தடையுமுன் தானே வெடித்தெழும். சுத்தியலால் உலோகத்தைத் தட்டுவது போன்ற ஓசை அப்பொழுது கேட்கும். இதனை நொக்கிங் என்பர்; தமிழில் ‘தட்டல்’ எனலாம். சிறிதளவிலே அது தீங்கற்றதாகத் தோன்றினும், டர்போவின் அமுக்கத்தின் கீழ்ச் சில கணங்களிலேயே பிஸ்டனின் வளையங்களைத் தாங்கும் விளிம்புகளை உடைத்தெறிய வல்லது. ஆதலின் டர்போ எஞ்சினுக்குச் சுருதி கூட்டுவோன் வலுவைத் தேடுகின்றான் என்பதினும், தட்டலின் எல்லையைத் தேடுகின்றான் என்பதே பொருத்தமாகும்.

அவ்வெல்லையைக் காக்கும் பொறுப்பு முதலிலே வாகனமோட்டியிடம் ஒப்படைக்கப்பட்டது. அமெரிக்காவில் 1962ஆம் ஆண்டில் விற்பனைக்கு வந்த ஓல்ட்ஸ்மொபைல் ஜெட்பயர் என்னும் கார், பொதுமக்களுக்கு விற்கப்பட்ட முதல் டர்போ கார்களுள் ஒன்று. அதன் 3.5 லீற்றர் எஞ்சின் 215 குதிரை வலு தந்தது. தட்டலைத் தடுப்பதற்காகக் காய்ச்சி வடித்த நீரும் மெதனோலும் கலந்த ஒரு திரவம் தனித் தொட்டியொன்றிலிருந்து எஞ்சினுக்குள் தெளிக்கப்பட்டது. தொட்டியை நிரப்புவது உடையவனின் கடமை. உடையவர் பலர் அதனை மறந்தனர், திரவம் தீர்ந்ததும் எஞ்சின் தன் வலுவைக் குறைத்துக்கொண்டது, முறைப்பாடுகள் பெருகின. 1963ஆம் ஆண்டு மாதிரியுடன் அக்காரின் உற்பத்தி நின்றது. விற்கப்பட்டவற்றுட் பலவற்றிலிருந்து டர்போவே கழற்றப்பட்டது. எஞ்சினின் உள்நிலையை அறிவிக்கும் கருவியின்றி மனிதனின் கவனத்தை மட்டும் நம்பிய ஏற்பாடு நிலைபெறவில்லை என்பதே இந்நிகழ்ச்சி தரும் பாடம்.

மனிதன் தவறவிட்ட கவனத்தை மின்னணுவியல் ஏற்றுக்கொண்டது. ஜேர்மனியின் பொஷ் நிறுவனம் 1967ஆம் ஆண்டில் வொக்ஸ்வாகன் 1600 காரிற் பொருத்திய டி-ஜெற்றோனிக் என்னும் அமைப்பு, எஞ்சின் உள்ளிழுக்கும் காற்றின் அமுக்கத்தை அளந்து, அதற்கேற்ப எரிபொருளைத் தெளித்தது. அது திரான்சிஸ்டர்களால் ஆனது. அதனுள் எண்கள் இல்லை. 1979இல் பிஎம்டபிள்யூ 732ஐ காரில் வந்த மோட்ரோனிக் என்னும் அமைப்போ எரிபொருளையும் தீப்பொறியையும் ஒரே நுண்கணினியின் ஆளுகைக்குள் கொணர்ந்தது. அன்று தொட்டு எஞ்சினின் சுருதி ஓர் எண் அட்டவணையாயிற்று.

அவ்வட்டவணையின் இயல்பு நம் வாய்பாட்டினும் கடினமானதன்று. மேலிருந்து கீழாக எஞ்சினின் சுழற்சி வேகம். இடமிருந்து வலமாகக் காற்றின் அமுக்கம். இரண்டும் சந்திக்கும் கட்டத்தில் ஓர் எண். எரிபொருள் அட்டவணையில் அவ்வெண், தெளிப்பான் எவ்வளவு நேரம் திறந்திருத்தல் வேண்டும் என்பதைத் தீர்மானிக்கின்றது. தீப்பொறி அட்டவணையிலோ பிஸ்டன் உச்சியை அடைவதற்கு எத்தனை பாகை முன்னதாகப் பொறி தோன்றவேண்டும் என்பதை அது குறிக்கின்றது. நிமிடத்துக்கு 6000 சுற்றில் ஓடும் நான்கடிப்பு எஞ்சினில் ஒரு முழுவட்டம் 20 மில்லி செக்கன்களில் முடிந்துவிடும். அதற்குள் கணினி அட்டவணையைப் பார்த்து, இரு கட்டங்களுக்கு இடைப்பட்ட நிலையாயின் இடைமதிப்பையும் கணித்து, ஆணையிட்டுவிடுகின்றது.

டர்போவுக்கு இன்னுமொரு புலன் வேண்டியிருந்தது, அதுவே செவி. சுவீடன் நாட்டின் சாப் நிறுவனம் 1980களின் தொடக்கத்தில் எஞ்சினின் உடலிலேயே தட்டலை உணரும் ஒரு கருவியைப் பொருத்தியது. தட்டல் எழுந்தவுடன் கணினி டர்போவின் அமுக்கத்தைக் குறைத்தது. அடங்கியதும் மீண்டும் உயர்த்தியது. தரங்குறைந்த பெற்றோலை ஊற்றினும் எஞ்சின் சிதையாது தன்னைக் காத்துக்கொண்டது. ஜெட்பயர்க் காரின் உடையவர்களிடம் எதிர்பார்க்கப்பட்ட கவனம் இப்பொழுது இயந்திரத்தின் இயல்பாகவே ஆகிவிட்டது.

இது நிற்க, அறிவு இயந்திரத்துள் புகுந்தபோது மனிதனின் கை வெளியே தள்ளப்பட்டது. திருகாணியை எவரும் திருப்பலாம். மூடிய பெட்டிக்குள் இருக்கும் எண்ணை எவ்வாறு திருப்புவது? எனினும் ஆர்வலர் வாளாவிருந்தாரல்லர். 1980களின் கணினிகளிலே எண் அட்டவணை ஒரு தனிச் சில்லில் எழுதப்பட்டிருந்தது. புறவூதாக் கதிரால் அதனை அழித்து மீண்டும் எழுதலாம். அமெரிக்காவின் பியூக் கிராண்ட் நேஷனல் என்னும் காரின் 3.8 லீற்றர் டர்போ எஞ்சின் 1987ஆம் ஆண்டு மாதிரியில் 245 குதிரை வலு தந்தது. அதன் சில்லைக் கழற்றி, உள்ளிருந்த எண்களை வாசித்து, ஒவ்வொன்றின் பொருளையும் சோதித்தறிந்து, புதிய சில்லை எழுதிப் பூட்டியோர் பலர். பொருள் அறியாது எண்ணை மட்டும் கூட்டியோரும் இருந்தனர். உடைந்த பிஸ்டன்களே அவர்களுக்கு ஆசிரியராயின.

அவர்களுக்குக் குறையாயிருந்தது துணிவன்று, அளவுகோலே. பெற்றோல் முற்றாக எரிவதற்கு அதன் நிறையைப் போல் 14.7 மடங்கு காற்று வேண்டும். 1976ஆம் ஆண்டில் வொல்வோ கார்களில் வந்த ஒட்சிசன் உணரி, கலவை இவ்விகிதத்துக்கு மேலா கீழா என்பதை மட்டுமே சொல்ல வல்லது. டர்போவின் முழு அமுக்கத்தில் பெற்றோல் எஞ்சினுக்குப் பெரும்பாலும் 11.5 முதல் 12.5 வரையான செறிந்த கலவை வேண்டும். மிகையான எரிபொருள் உருளையின் வெப்பத்தைத் தணிக்கும். அவ்வெல்லையில் பழைய உணரி குருடாயிருந்தது. 1990களில் வந்த அகலப்பட்டை உணரியோ கலவையின் விகிதத்தை எண்ணாகவே காட்டியது. பெருநிறுவனங்களின் சோதனைச் சாலைகளில் மட்டும் இருந்த கண் அதன்பின் சிறு கராஜுக்கும் கிடைத்தது.

இந்நிலையிலே 2001ஆம் ஆண்டில் புரூஸ் போலிங், அல் கிரிப்போ என்னும் அமெரிக்கர் இருவர் மெகாஸ்குவேர்ட் என்னும் எஞ்சின் கணினியை வெளியிட்டனர். அதன் சிறப்பு மலிவு மட்டுமன்று. அது பெரிதும் உதிரிப் பாகங்களாகவே வழங்கப்பட்டது. வாங்கியவர் தாமே ஈயம் பற்றவைத்துப் பூட்டினர். சுற்று வரைபடமும் நிரலும் மறைக்கப்படவில்லை. முதற் பதிப்பின் எரிபொருள் அட்டவணை எட்டு வரிசையும் எட்டு நிரலுமாக 64 கட்டங்களையே கொண்டிருந்தது. மாணவன் ஒருவன் ஒரே பார்வையில் முழுவதையும் காணத்தக்க அளவு அது. கற்பித்தலும் அதன் நோக்கங்களுள் ஒன்றாயிருந்தது. பின்னாளில் ஆர்டுயினோ என்னும் எளிய மின்சுற்றுப் பலகையைக் கொண்டு ஸ்பீடுயினோ போன்ற திறந்த ஆக்கங்களும் தோன்றின.

கையிற் கருவி வந்ததும் ஒழுங்கும் உடன் வந்தது. தேர்ந்தோர் வகுத்த முறை வருமாறு: முதலில் டர்போ அமுக்கம் எழாத குறைந்த சுமையில் எஞ்சினை ஓட்டி, உணரியின் அளவைப் பதிந்து, எரிபொருள் எண்களைக் கட்டம் கட்டமாகத் திருத்துவர். தீப்பொறியை வேண்டுமென்றே பின்தங்க வைப்பர். அதன் பின்னரே அமுக்கத்தைச் சிறிது சிறிதாக உயர்த்துவர். ஒவ்வொரு படியிலும் கலவையை நோக்கித் தட்டலைச் செவிமடுத்த பின்பே அடுத்த படிக்குச் செல்வர். தீப்பொறியை முன்தள்ளுவது கடைசி வேலை. ஒரு நேரத்தில் ஒன்றையே மாற்றுவர். பொதுத் தெருவை விடுத்து, வாகனம் நின்றபடியே ஓடும் உருளைப் பொறியில் இதனைச் செய்தலே பிறர்க்கும் தமக்கும் பாதுகாப்பானது. ஆய்வுகூட மாணவனின் நெறி வேறு, இந்நெறி வேறு எனப் பிரித்துக் கூற இயலாது.

எஞ்சின் உடைந்தால் இழப்பு உடையவனோடு முடியும். புகை அவ்வாறன்று. அமெரிக்காவின் தூய காற்றுச் சட்டம், 1990ஆம் ஆண்டுத் திருத்தத்தின் பின், புகையைத் தூய்மை செய்யும் கருவிகளைச் செயலிழக்கச் செய்வதை வாகன உடைமையாளருக்கும் விலக்கியது. 1996ஆம் ஆண்டு மாதிரி முதல் புதிய கார்கள் யாவும் தம் குறையைத் தாமே கண்டறிந்து அறிவிக்கும் கணினி அமைப்பைக் கொண்டிருத்தல் வேண்டும் என விதிக்கப்பட்டது. மறுபுறத்தில், 1998ஆம் ஆண்டின் எண்மப் பதிப்புரிமைச் சட்டம் மென்பொருட் பூட்டுகளை உடைப்பதைத் தடை செய்தது. தான் வாங்கிய காரின் கணினியைத் திறந்து பார்ப்பவன் நூலைத் திருடியவனைப் போலக் குற்றவாளியாகலாம் என்ற அச்சம் எழுந்தது. நீண்ட வாதத்தின் பின் 2015 ஒக்டோபரில் அமெரிக்கக் காங்கிரஸ் நூலகத் தலைவர், வாகனத்தைச் சோதித்தல், பழுது பார்த்தல், சட்டத்துக்கு இயைய மாற்றுதல் ஆகியவற்றுக்கு விலக்களித்தார். அது ஓராண்டின் பின் நடைமுறைக்கு வந்தது. காற்றுத் தூய்மைச் சட்டங்களை மீறாமை அதன் நிபந்தனைகளுள் ஒன்று.

அவ்விலக்கை அந்நாட்டுச் சுற்றாடல் பாதுகாப்பு நிறுவகம் எதிர்த்திருந்தது. உடையவர்கள் வலுவைத் தேடிக் காற்றைக் கெடுப்பர் என்பது அதன் அச்சம். அதே நிறுவகம் 2015 செப்டெம்பர் 18ஆம் நாள் வெளியிட்ட அறிவித்தல் உலகைத் திகைக்கச் செய்தது. வொக்ஸ்வாகன் நிறுவனம் அமெரிக்காவில் விற்ற ஏறக்குறைய 4,82,000 டீசல் கார்களின் கணினிகளிலே, அரச சோதனை நடப்பதை உணர்ந்து அப்பொழுது மட்டும் தூயதாய் இயங்கும் நிரல் இருந்தது. தெருவில் அவற்றின் நைதரசன் ஒட்சைட்டுப் புகை சட்ட அளவினும் 40 மடங்கு வரை மிகுந்திருந்தது. அவையும் டர்போ எஞ்சின்களே. இதனை வெளிக்கொணர வழிவகுத்தவர், அளவு கருவிகளைக் காரிலேயே ஏற்றித் தெருவில் ஓட்டிப் பார்த்த மேற்கு வேர்ஜினியாப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள். பூட்டிய பெட்டி நேர்மைக்குப் பிணையாகாது என்பது இதனாற் புலனாயிற்று.

எனினும் அந்நிறுவகத்தின் அச்சம் பொய்யன்று. 2020ஆம் ஆண்டில் அது வெளியிட்ட அறிக்கை, முந்திய பத்தாண்டில் 5,50,000க்கு மேற்பட்ட டீசல் பிக்கப் வண்டிகளில் தூய்மைக் கருவிகள் நீக்கப்பட்டிருந்ததை மதிப்பிட்டது. ஆக்கியோன் மறைவிற் செய்த அதே தீங்கை வாங்கியோரும் வெளிப்படையாகச் செய்தனர். இருபாலாரிடமும் சாதுரியத்துக்குக் குறைவில்லை. பிறருக்கும் உரிய காற்றைப் பற்றிய கருத்தே இல்லை.

ஒரு நூற்றாண்டுக்கு மேற்பட்ட இவ்வரலாறு தெளிவான ஒரு நெறியைக் காட்டுகின்றது. மலையுச்சிக்கு எஞ்சினை ஏற்றிய மொஸ், தட்டலுக்குச் செவி அமைத்த சாப் பொறியியலாளர், 64 கட்டங்களைத் திறந்து வைத்த இருவர், தெருவில் புகையை அளந்த ஆய்வாளர் ஆகிய அனைவரும் அளந்த பின்னரே முடிவு கூறியோர். அளவை விட்டு ஆசையின் வழிச் சென்றோர் எஞ்சினையோ காற்றையோ கெடுத்தனர். தன் உடைமையின் உள்ளியல்பை அறிய முயல்வது குற்றமாதல் தகாது. அறிவதற்கு வழி அடைபட்டால் அடுத்த தலைமுறையின் பொறியியலாளன் பிறக்கும் இடமும் அடைபடும். ஆயினும் எண்ணை மாற்றும் விரல், அம்மாற்றத்தின் விளைவை அளக்கவும், அதற்குப் பொறுப்பேற்கவும் கடமைப்பட்டது. உரிமையும் பொறுப்பும் ஒரே சுருதியில் நின்றாலன்றி இவ்விசை இனியதாகாது.