பெருநாட் கொள்முதலும் இணையச் சந்தை விழாவும்

விழாவும் வாணிகமும் தமிழர் வாழ்வில் பண்டுதொட்டே இணைந்தவை. மதுரைக்காஞ்சி நாளங்காடியையும் அல்லங்காடியையும் காட்டும். சிலப்பதிகாரம் புகாரின் இந்திர விழாவை வணிக வீதிகளோடு சேர்த்தே புனையும். எனவே விழாக்காலக் கொள்முதல் புதியதன்று. விற்பனையின்பொருட்டே விழாவொன்றைப் படைத்துக்கொள்வதுதான் புதியது. இம்மாற்றத்தின் விளைவைக் கல்முனைக் கரையோரத்தின் புடைவை வரலாற்றினூடாக ஈண்டு நோக்குவோம்.

நற்பிட்டிமுனைக்கு அண்மையிலுள்ள மருதமுனை கைத்தறிக்குப் பேர்பெற்றது. முஸ்லிம்களுக்கு நோன்புப் பெருநாளும் ஹஜ்ஜுப் பெருநாளும், இந்துக்களுக்குத் தைப்பொங்கலும் சித்திரைப் புத்தாண்டும் புத்தாடைக்குரிய நாட்கள். ஆண்டில் ஓரிரு முறை என்னும் வரையறையை நாட்காட்டியே வகுத்தது. சாரத்தையும் சேலையையும் நெய்தவர் அயலூரவர். அவற்றின் உறுதிக்கு அவரே பொறுப்பு.

1970 முதல் 1977 வரை நிலவிய இறக்குமதிக் கட்டுப்பாடு உள்நாட்டு நெசவுக்கு ஊக்கமளித்தது. 1977இல் திறந்த பொருளாதாரக் கொள்கை வந்ததும் பிறநாட்டுப் புடைவைகள் சந்தையை நிறைத்தன, கைத்தறி தளர்ந்தது. 2004 டிசம்பர் 26ஆம் நாள் ஆழிப்பேரலை மருதமுனையில் உயிர்களோடு தறிகளையும் கொண்டுபோயிற்று.

இதற்கிடையே வாணிகத்தின் வடிவமே மாறலாயிற்று. சீனத்து அலிபாபா நிறுவனம் 2009இல் நவம்பர் 11ஆம் நாளை இணையவழி மலிவு விற்பனை நாளாக்கியது. 2018இல் அது வாங்கிய டராஸ் நிறுவனத்தின் வழியாக அவ்விழா இலங்கையிலும் பரவியது. அந்நாள் அறுவடையையோ நோன்பையோ சார்ந்ததன்று. குறுகிய காலக்கெடு, விலைக்கழிவு என்பவற்றால் தேவை எழுமுன்பே அது கொள்முதலைத் தூண்டுகிறது. நெய்தவர் யாரென்பதும் துணி எத்துணைக் காலம் உழைக்கும் என்பதும் விலைக்குப் பின்னே மறைகின்றன.

எனினும் இணையச் சந்தையை முற்றாக ஒதுக்குதல் முறையன்று. வேண்டிய தையல் இயந்திரத்துக்காகக் காத்திருந்து மலிவு நாளில் வாங்கும் குடும்பம் சிக்கனமே செய்கிறது. மருதமுனைச் சேலை இடைத்தரகரின்றிக் கொழும்பை அடையவும் அதே வழி உதவக்கூடும். ஆகவே தீமை கருவியிலன்று, அதனைக் கையாளும் முறையிலேயே உளது.

2015இல் ஐக்கிய நாடுகள் சபை வகுத்த நிலைபேறான அபிவிருத்தி இலக்குகளுள் 12ஆவது, பொறுப்பான நுகர்வையும் உற்பத்தியையும் வலியுறுத்துகிறது. 2022இல் அந்நியச் செலாவணி வறண்டபோது, இறக்குமதியை நம்பிய நுகர்வின் நொய்மையை இலங்கையர் கண்கூடாகக் கண்டனர். பழைய பெருநாட் கொள்முதலில் தேவைக்கு எல்லையும் உற்பத்தியாளரின் அண்மையும் இருந்தன. இவ்விரண்டையும் புதிய சந்தையிலும் நுகர்வோர் தேடுவாராயின், எஞ்சியுள்ள தறிகளும் வாழும்.